பாளையங்கோட்டையில் ஒருத்தி, பேட்டையில் ஒருத்தி

போன மாதம் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளை எப்போதாவது இப்படிக் கூப்பிட்டு, ஒரு சால்வையைப் போர்த்தி, டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பிவைப்பது வழக்கம். இந்த முறை கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினார்கள். பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்தால் போதும், எங்கே திணறுகிறது என்று அதுவே சொல்லிவிடுமாம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முடிகிற நேரத்தில் ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "டீச்சர், வாசிப்பு வராதது பரம்பரையா, வளர்ப்பா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க, குறிச்சுக்கிடுதேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த ஒற்றை வார்த்தை மேல். அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு பெண் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி, முதல் வேலை, கல்யாணம், மாற்றல், இன்னொரு மாற்றல் என்று என் வாழ்க்கையின் முன்பாதி எல்லா டீச்சர்களுக்கும் போலத்தான் ஓடியது. அதில் எழுத ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் நடத்திய ஆராய்ச்சிக்குக் கொஞ்ச காலம் என்னை அனுப்பிவைத்தார்கள். எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். தாமிரபரணிக் கரையில் பாபநாசம் தொடங்கிப் புன்னக்காயல் வரைக்கும் எந்தப் பஸ்ஸில் ஏற்றினாலும் வாந்தி எடுக்காதவள் என்று எங்கள் தலைமையாசிரியர் பரிந்துரைத்தாராம். என் தகுதி அவ்வளவுதான்.

பேராசிரியர் பெயர் சங்கரலிங்கம். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, யாரையும் அவசரப்படுத்தாத குரல். அவர் தேடியது இரட்டைப் பிள்ளைகளை. முதல் நாளே எனக்கு விளக்கினார். உரித்து வைத்தாற்போல் இருக்கும் இரட்டையர் பிறப்பில் கிட்டத்தட்ட ஒரே ஆள். சாடை வேறாக இருக்கும் இரட்டையரோ சாதாரண அண்ணன் தம்பி மாதிரி, பாதிதான் பொது. இரண்டு வகையும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்கின்றன. ஆக, முதல் வகைப் பிள்ளைகள் வாசிப்பில் இரண்டாம் வகையைவிட அதிகம் ஒத்துப்போனால், அந்த அதிகம் பிறப்பில் வந்தது என்று கணக்கு. "இத நூறு நூறு பிள்ளைய வச்சுத்தான் சொல்ல முடியும் டீச்சர். ஒத்தப் பிள்ளையப் பாத்து இது பிறவி, இது வளர்ப்புன்னு யாராவது சொன்னா, ஒங்க காதப் பொத்திக்கிடுங்க" என்றார்.

சோதிக்கிற முறையில் அவர் வைத்ததுதான் சட்டம். பத்தமடையிலிருந்து வாங்கிய சாதாரணக் கோரைப் பாய் ஒன்றைச் சுருட்டி எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போவோம். பிள்ளையும் நானும் அதில் எதிரெதிரே உட்கார வேண்டும். டீச்சர் நாற்காலியிலும் பிள்ளை தரையிலும் இருந்தால் அது பரீட்சை ஆகிவிடுமாம். நேரம் பார்க்கிற கடிகாரத்தைக் கைக்குட்டைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சரியாக வாசித்தால் தலையாட்டக்கூடாது, தப்பாக வாசித்தால் உச்சுக் கொட்டக்கூடாது. எனக்கு இதுதான் உயிர் போகிற கஷ்டமாக இருந்தது. டீச்சர் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா? ஒரு பையன் திணறும்போது முதல் எழுத்தை என்னை அறியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கதுக்குத்தான் டீச்சர் நமக்குச் சம்பளம்" என்றார்.

பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் அட்டையைப் பார்த்தே முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிடுவார்கள். அதனால் சார் அர்த்தமே இல்லாத சொற்களாக உண்டாக்கி, அட்டையில் எழுதி வைத்திருந்தார். தமுலி, நிறடை, கொபேசு என்று போகும். எழுத்தைக் கூட்டத் தெரிந்தவன்தான் அதை வாசிக்க முடியும். அதை முடித்த பிறகு ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொல்லி, அதில் கேள்வி கேட்போம். அட்டை எழுத்தைக் கூட்டுவதற்கு, கதை அர்த்தம் புரிவதற்கு. இரண்டும் வேறு வேறு திறமை என்று நான் தெரிந்துகொண்டதே அங்கேதான். அதுவரை ஒரு பிள்ளை வாசிக்கும் அல்லது வாசிக்காது, அவ்வளவுதான் என் அறிவு.

இரட்டையரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பள்ளிப் பதிவேட்டை நம்பிப் போனால், மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள், பள்ளியில் சேர்க்க வயது பொருந்துகிற மாதிரி, ஜூன் மாதத்துக்கு முன்னால் சொல்லி வைத்தாற்போல் பிறந்திருப்பார்கள். அண்ணனையும் தம்பியையும் ஒரே நாளில் சேர்க்க வந்த தகப்பனாரிடம் பிறந்த தேதி கேட்டு, அவர் விழிக்க, தலைமையாசிரியர் இருவருக்கும் ஒரே தேதியைப் போட்டிருப்பார். நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றால், ஒருத்தன் என் தோளுக்கு இருப்பான், இன்னொருத்தன் இடுப்புக்கு இருப்பான்.

புன்னக்காயலில் ஒரு தாய் கண்பட்டுவிடும் என்று பிள்ளைகளைச் சேர்த்துக் காட்ட மாட்டேன் என்றாள். ஒவ்வொருத்தனாகத்தான் அனுப்புவாளாம். முதல் பிள்ளை வந்து வாசித்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் வேறு சட்டையோடு அடுத்தவன் வந்தான், அச்சு அசல் அதே முகம். நான் அசந்துபோய்ச் சாரைப் பார்த்தேன். சார் பையனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே காயம், அதே இடத்தில். இன்னொருத்தன் மாமாவோடு படகில் போய்விட்டானாம். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய, வெறுங்கையோட எப்படிய்யா அனுப்ப?" என்றாள் அந்த அம்மா. எங்களுக்கு உபகாரம் செய்வதாகவே அவள் நினைத்திருந்தாள். பொரித்த மீனும் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன், சார் மோர் குடித்தார்.

இந்த அலைச்சலில்தான் ரூத்தும் எஸ்தரும் கிடைத்தார்கள். உரித்து வைத்தாற்போல் இரட்டையர், ஆனால் வேறு வேறு வீட்டில் வளர்ந்தவர்கள். எங்கள் ஆராய்ச்சி முழுவதிலும் அப்படி வாய்த்தது அந்த ஒரு ஜோடிதான். சாரே அன்றைக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அவர்களைப் பெற்றவள் ஞானம். பேட்டையில் வீடு, பீடி சுற்றுவாள். புருஷன் தங்கராஜ் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. பிரசவத்துக்குப் பிறகு ஞானத்துக்கு உடம்பு தேறவில்லை. இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் தவித்தபோது அவள் அக்கா கிருபை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். கிருபைக்குப் பிள்ளை இல்லை. தேறியதும் தருகிறேன் என்று தூக்கிப்போன பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது. அதுதான் ரூத். கிருபையின் புருஷன் சாலமோன் சார் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் புத்தக அலமாரி மட்டும் ஒரு சுவர் முழுக்க. எஸ்தர் பேட்டையில் பெற்றவளோடு இருந்தாள். அப்போது இருவரும் ஐந்தாம் வகுப்பு.

எஸ்தரை முதலில் பார்த்தேன். அட்டையில் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டாள். கொபேசு என்பதைக் "கொலுசு" என்றாள். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லுக்குத் தாவிவிடுகிற பிள்ளை. கதையில் பாதிச் சொற்களுக்கு அர்த்தமும் தெரியவில்லை. பக்கத்தில் பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்த ஞானம் நிமிராமலே சொன்னாள். "எனக்கும் எழுத்து ஏறல டீச்சர், மூணோட நின்னுட்டேன். இவ அப்பாவும் அப்படித்தான். இவளுக்கு மட்டும் ஏறவா போவுது? அஞ்சு முடிஞ்சா போதும், கூட ஒக்காந்து நாலு பீடி சுத்தட்டும்." அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் ரூத். அதே முகம், அதே பல்வரிசை, நல்ல இஸ்திரி போட்ட சீருடை. அதே அட்டையை வைத்தேன். அதே மூன்றாவது சொல்லில் நின்றாள். "கொலுசு" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கதைக்கு வந்தபோது இவள் வேறு பிள்ளை. மெதுவாக, எழுத்தெழுத்தாகத்தான் வாசித்தாள், ஆனால் விடாமல் வாசித்தாள். கேள்வி கேட்டால் கதையில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள்.

அன்றைக்கு முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. அந்த வீட்டில் குடும்ப ஜெபம். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் எப்படி என்றால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வேதத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். விருந்தாளிக்கும் விலக்கு இல்லை. சாலமோன் சார் கணீரென்று வாசித்தார். நான் வாசித்தேன். ரூத் முறை வந்ததும் அவள் கழுத்து உள்ளே போய்விட்டது. அவள் திணறி முடிப்பதற்குள் சாலமோன் சார் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். அடுத்தது கிருபை. "அடுப்புல பால் இருக்கு, நீங்க வாசிச்சிருங்க" என்று எழுந்து போய்விட்டாள். வட்டம் அவளைத் தாண்டிப் போயிற்று. யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மறுமுறை போனபோதும் ஜெப நேரமாகிவிட்டது. இந்த முறை அடுப்பு பற்ற வைக்கவே இல்லை, எனக்குத் தெரியும், டீயை நாங்கள் கடையில் வாங்கித்தான் குடித்தோம். கிருபையின் முறை வந்தது. "கேட்ல யாரோ கூப்பிடுதாவ" என்று எழுந்தாள். கேட்டில் யாரும் இல்லை. வட்டம் அவளைத் தாண்டிய பிறகு வந்து உட்கார்ந்து, புத்தகமில்லாமலே அழகாக ஒரு பாட்டை எடுத்துப் பாடினாள். எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் சாரிடம் சொன்னேன். "பால் பொங்குதது நம்ம ஆராய்ச்சியில வராது டீச்சர். ஒரு வீட்டுல பாத்தத அடுத்த ரூமுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சோதனையெல்லாம் முடிந்து, என்ன தெரிந்தது என்று சொல்ல நாங்கள் இருவரும் போனோம். சாலமோன் சார் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். நான் பழக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். ரூத் ஜன்னல் பக்கம் நின்றாள். அவளை உள்ளே போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"சார், நான் ஒளிச்சுப் பேச மாட்டேன்" என்றார். "டியூசன் வச்சேன். நானே ஒக்காந்து சொல்லிக் குடுத்தேன். அடிச்சும் பாத்தேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் வீட்டுப் பிள்ளை வாசிக்க மாட்டேங்குதுன்னு சிரிக்காவ. எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். இது ரத்தமா, இல்ல எங்க வளர்ப்பா?"

எங்கள் சார் நிதானமாகச் சொன்னார். எழுத்தைக் கூட்டுவதில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோலத் திணறுகிறார்கள், ஒரே இடத்தில், ஒரே மாதிரி. ஒரு ஜோடியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்றாலும், அது பிறப்போடு வந்ததாக இருக்கலாம். ஆனால் கதையைப் புரிந்துகொள்வதில், தெரிந்த சொற்களில், விடாமல் முயற்சி பண்ணுவதில் ரூத் எவ்வளவோ முன்னால் இருக்கிறாள். அது இந்த வீடு கொடுத்தது.

சாலமோன் சார் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். "அப்ப ரத்தந்தான். ஞானமும் அப்படி, தங்கராசும் அப்படி. அதுக்கு நான் என்ன செய்ய? இந்த வருசம் முடியட்டும், பேட்டைக்கே அனுப்பிருதேன். நான் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு."

பேட்டைக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஞானத்தின் ஒரு பக்கம் எஸ்தர், இன்னொரு பக்கம் ரூத், நடுவில் பீடித் தட்டு. ரூத்துக்கும் தெரிந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே இருந்தது.

"ஒங்க கண்ணாடி எந்த வழியா வந்தது சார்?" என்றார் எங்கள் சார்.

"அப்பாவுக்கும் உண்டு."

"அப்பக் கழட்டி வச்சிருங்க. ரத்தத்துல வந்தத நாம என்ன செய்ய முடியும்?"

"அது வேற சார், இது வேற" என்றார் அவர். முகம் மாறவில்லை.

எனக்கு வாய் துறுதுறுத்தது. உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே அந்த ரத்தம், இத்தனை வருஷமாக உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறதே என்று கத்தியிருப்பேன். எங்கள் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பாயை வெறித்தேன். அந்த வேலையில் நான் பட்ட வேதனையிலெல்லாம் பெரிய வேதனை அதுதான். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததை மாற்றல் உத்தரவு மாதிரி அனுப்புகிறாரே என்று ஆத்திரமாக இருந்தது. அந்த மனிதர் கெட்டவரும் இல்லை. தோற்றுப்போன வாத்தியார். நம் தொழிலில் அதைவிட ஆபத்தான ஆள் கிடையாது.

அப்போது அடுக்களை வாசலில் கிருபை நின்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பாயில், எனக்கு எதிரே, பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்த அட்டைய வச்சுப் பாருங்க டீச்சர்" என்றாள்.

"ஒனக்கு எதுக்கு? நீ எட்டாவது படிச்சவ" என்றார் புருஷன்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். கடிகாரத்தை என்னிடம் தரவில்லை. அட்டையை வைத்தேன். முதல் சொல்லை வாசித்தாள். இரண்டாவதை மூன்று தடவை தொடங்கி, விட்டாள். மூன்றாவதில் நின்றாள். அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவளுக்கு வராது என்று எனக்கு முன்னமே தெரியும். ஆனாலும் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க என் வாய் வந்தது.

"எட்டு வரைக்கும் எல்லாத்தயும் மனப்பாடந்தான் பண்ணுனேன்" என்றாள் கிருபை. "தங்கச்சிக்கு அது வரல. எனக்கு வந்துச்சு. அம்புட்டுதான் வித்தியாசம்."

சாலமோன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இத்தன வருசமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார்.

"நீங்க வாத்தியாருல்லா" என்றாள் அவள். "ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க டியூசன் எடுக்கப் போன பொறவு நானும் அவளுந்தான் அடுக்களையில ஒக்காந்து வாசிப்போம். ஒரு பக்கத்துக்கு ஒரு பாடு நேரமாவும். ஒருத்தர ஒருத்தர் ஏச மாட்டோம். அவ என்னய விட நல்லா வாசிக்கா இப்போ." அதுவரை நிதானமாக இருந்த குரல் அங்கேதான் உடைந்தது. "ரத்தத்துக்காக அவள அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிருங்க. ஞானமும் நானும் ஒரு வயித்துப் பிள்ளைகதான்."

ரூத் ஜன்னலை விட்டு வந்து கிருபையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சின்னக் குழந்தை மாதிரிதான் இருந்தது, இருந்தாலும் யாரும் அவளை எழுப்பவில்லை. சாலமோன் சார் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் சாரிடம், "இதுக்கு என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார். யாரால் வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, என்ன செய்வது என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு கேள்விக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்தப் பயிற்சி வகுப்பு ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்பினேன்.

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எழுத்தையும் ஒலியையும் பிரித்துப் பிரித்து, மணலில் எழுதியும் வாயால் சொல்லியும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு நாளும். மற்ற பிள்ளைக்கு ஒரு மாதம் ஆவது இந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் ஆகலாம். அடி கூடாது, அவசரம் கூடாது. சாலமோன் சாருக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது என்று கிருபை பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். அதன் பிறகு ராத்திரிப் பாடத்தில் அவருக்கு இரண்டு மாணவிகள், ரூத்தும் கிருபையும்.

அடுத்த ஜூன் மாதம் எங்கள் முறைப்படி இரண்டாம் சுற்றுச் சோதனைக்குப் பேட்டைக்குப் போனோம். ஞானம் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எஸ்தர் எங்கே என்று கேட்டேன்.

"பாளையங்கோட்ட அத்தான் வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ டீச்சர். அங்கன உள்ள பள்ளிக்கூடத்துலயே ஆறாவது சேத்தாச்சு. சனி ஞாயிறு ரெண்டும் இங்கன வந்துரும்." கையிலிருந்த பீடியைத் தட்டில் போட்டுவிட்டு, "ரெண்டும் சேந்து வந்தா வீடு கொள்ளல" என்றாள். அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் பாயைச் சுருட்டினேன். வேறு வேறு வீட்டில் வளர்கிற எங்கள் ஒரே ஜோடி இப்போது ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிறது. அதற்காக எத்தனை பஸ் ஏறியிருந்தோம், எத்தனை நாள் வெயிலில் நின்றிருந்தோம்! சார் எரிச்சல்படுவார் என்று நினைத்துப் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, வாசலில் நின்றபடியே எங்கள் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களையும் அடித்தார். பிள்ளை சரியாக வாசித்தாலும் தப்பாக வாசித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"இனி நம்ம ஆராய்ச்சிக்கு இதுக ரெண்டும் ஆகாது டீச்சர்" என்றார். "கெட்டுப்போச்சு."